பீரங்கி திரும்பிப் பார்த்த நாள்

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், நீங்க பீரங்கி சுட்டிருக்கீங்களா?"

இல்லை கண்ணுகளா. பணிக்காலம் முழுக்கக் கடற்படைக் கப்பல்களின் விமான எதிர்ப்பு பீரங்கிகளோடுதான் குடும்பம் நடத்தினேன். ஆனால் ஒரு குண்டுகூட நான் சுட்டதில்லை. சுடுவதற்குக் கப்பலில் சீருடை போட்டவர்கள் இருக்கிறார்கள். பீரங்கிக்குக் கண்ணும் மூளையும் வைத்துக்கொடுப்பது எங்கள் வேலை. வானத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடர வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதைத்தான் பீரங்கியும் கற்றுக்கொள்ளாது, அதைச் செய்கிறவர்களும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இதைச் சொன்னதும் உங்கள் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். திருப்பூருக்கு வெளியே, பின்னல் மெஷின்கள் ஓடும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, ஊரில் எல்லாம் "டிஃபென்ஸ்ல இருக்கேன்" என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவரை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் "மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டதாகக்கூடக் கேள்விப்பட்டேன். பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்குத் துணியைத்தான் இங்கே செய்கிறோம் என்பதை வீட்டில் எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால், இந்த ஷெட் எப்படி வந்தது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். செங்கடல் பக்கம் வணிகக் கப்பல்கள் மேல் ட்ரோன்கள் பறந்துவந்து விழுந்துகொண்டிருந்தன. யாரோ யாரோடோ போட்ட சண்டை. ஆனால் அந்த வழியாகத்தான் திருப்பூர் டி-ஷர்ட் ஐரோப்பாவுக்குப் போகிறது. சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. கோடைக்கு அனுப்பிய துணி இலையுதிர் காலத்தில் போய்ச் சேரும் நிலைமை.

என் சித்தப்பா பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அவருடைய கன்டெய்னர் ஒன்றும் கடலில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான் என்பது அவர் கட்சி. போன் செய்தால் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "ஏன் அம்மிணி, உங்க பீரங்கியெல்லாம் அக்கட்டால என்னதான் பண்ணிட்டு இருக்குது? பொங்கலுக்குக் கோலம் போட வெச்சிருக்கீங்களா?" என்பார்.

பீரங்கிகள் சும்மா இல்லை. நம் கப்பல்கள் வணிகக் கப்பல்களுக்குத் துணை போய்க்கொண்டிருந்தன. ஆனால் வேகமாக வரும் போர் விமானத்தை எதிர்பார்த்துச் செய்த பீரங்கிக்கு, புல் வெட்டும் மெஷின் போல முனகிக்கொண்டு மெதுவாக வரும் சின்ன ட்ரோன் கண்ணில் படுவதே கஷ்டம். கடல் அலையா, பறவையா, ட்ரோனா என்று அதற்குக் குழப்பம். அதனால் அதன் கண்ணைக் கூர்மையாக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. எங்கள் குழுவில் சரவணன் என்று ஒரு மென்பொருள்காரர். நல்ல மூளை. அவர் எழுதிய புரோகிராமில் பீரங்கி ஒரு வேட்டைநாய் மாதிரி ஆகிவிட்டது. சின்ன அசைவையும் விடாது. இலக்கு ஒரு கணம் மறைந்தால், உடனே சுற்றும்முற்றும் தேடிக் கண்டுபிடித்துவிடும். எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

இதைக் கடலில் நிஜமாகவே சுட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு விமானம் நீளமான கம்பியில் துணிக் குழாய் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு பறக்கும். வாய் அகலமான, காற்று நிரம்பிய நீளப் பை மாதிரி இருக்கும். எங்கள் பேச்சில் அதற்கு ஸ்லீவ் என்று பெயர். பீரங்கி அதைச் சுட வேண்டும், விமானத்தை அல்ல. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அந்தத் துணிக் குழாயை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். உலகமெல்லாம் சண்டைக்குத் தயாராகும்போது எல்லோருக்கும் ஒரே பொருள்தான் வேண்டியிருக்கும். இருந்த சரக்கை வேறு யாரோ அள்ளிக்கொண்டார்கள். எங்களுக்கென்று கிளம்பிய கொஞ்சமும் எந்தக் கப்பலில் வந்தது என்கிறீர்கள்? அதே செங்கடல் வழிக் கப்பலில். ட்ரோனைச் சுடப் பழகுவதற்கான துணி, ட்ரோனுக்குப் பயந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

துறைமுகத்திலோ ஒரு கப்பல் கிளம்பத் தயாராக நின்றது. எங்கள் பீரங்கி அதில்தான் இருந்தது.

அப்போதுதான் மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"சித்தப்பா, ஒரு அவசரம். எனக்கு ஸ்லீவ் வேணும்."

"அதுக்கென்ன கண்ணு. ஆஃப் ஸ்லீவா, ஃபுல் ஸ்லீவா?"

"ஒரு பஸ் நீளத்துக்கு வேணும்."

பக்கத்தில் ஓடிய மெஷினை யாரையோ நிறுத்தச் சொன்னார். பிறகு, "யாருக்கு அம்மிணி அத்தாப்பெரிய கை?" என்றார்.

விளக்கிச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பனியன் துணி பின்னல் மெஷினிலிருந்து வரும்போதே குழாயாகத்தான் வரும். தையலே கிடையாது. "டியூப்பு வேணும்கறதுக்குப் போயி வெளிநாட்டுக்காரன் கால்ல விழுந்துட்டு இருந்தீங்களாக்கும்? நம்மூர்ல தடுக்கி விழுந்தா டியூப்பு" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கிளம்பித் திருப்பூர் வந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. ரேடார் கண்ணுக்குப் பருத்தித் துணி தெரியாது. உலோகம் இருந்தால்தான் தெரியும். அதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. நூல் வியாபாரி காதர் பாயைக் கூப்பிட்டார். பாய் ஒரு பையைத் திறந்து மேஜைமேல் கொட்டினார். ஜிகினா நூல். கிறிஸ்துமஸ் சீசனுக்காக ஐரோப்பிய சிறுமிகளின் சட்டையில் நட்சத்திரம் மின்னுவதற்காக வாங்கிவைத்தது.

"பாலியெஸ்டர் மேல அலுமினியம் பூசுனதுங்க மேடம்" என்றார் பாய். "இது உங்க ரேடாருக்கு ஆவுங்களா?"

சோதித்துப் பார்த்தோம். நன்றாகவே தெரிந்தது. நாட்டின் பாதுகாப்புக்காக ஜிகினா வாங்குவதற்கு ஒப்புதல் கேட்டு நான் மேலிடத்தில் பேசிய பேச்சை மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

பின்னிய குழாயை முதலில் தரையில் இழுத்துப் பார்க்கலாம் என்று சித்தப்பா சொன்னார். மங்கலம் ரோட்டில், காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால், கம்பெனி வேனின் பின்னால் கட்டினோம். வேன் நகர்ந்ததும் குழாய் காற்றை வாங்கி அழகாக எழும்பியது. சித்தப்பா வேன் ஜன்னலில் தலையை நீட்டி, "பாத்தியா அம்மிணி, பாத்தியா!" என்று கத்தினார். வேகம் கூடியது. பின்னல் துணி இழுத்தால் நீளும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவ்வளவு நீளும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பஸ் நீளத்துக்கு இருந்தது, நீண்டு நீண்டு, கடைசியில் கயிறு மாதிரி மெலிந்து, ரோட்டோரம் நின்ற வேப்பமரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. பின்னால் வந்த டவுன் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, பனியன் காயப்போட வேற எடமே கெடைக்கலீங்களா?"

சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் முதல் சோதனை எப்படி இருக்கும் என்று நானும் பார்க்கத்தானே போகிறேன்.

பின்னல் வேண்டாம், தறியில் நெய்வோம் என்று முடிவானது. சோமனூரில் ஒரு தறிக்காரரிடம், குறுக்கு நூலோடு ஜிகினாவையும் சேர்த்து ஓட்டினோம். நெய்த துணி நீளாது. ஆனால் அது குழாயாக வராது. அகலத் துணியை மடக்கி, ஒரு பக்கம் நீளவாக்கில் தைத்துக் குழாயாக்க வேண்டும். சித்தப்பா தன் ஆட்களில் கை சுத்தமானவரை உட்காரவைத்துத் தைக்கச் சொன்னார். மறுபடியும் வேனில் கட்டி இழுத்தோம். கட்டுக்கோப்பாக நின்றது. எங்களிடம் இருந்த சோதனைகளிலெல்லாம் தேறியது. வேனும் விமானமும் ஒரே வேகத்தில் போவதில்லை என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேரம் இல்லை. கப்பல் காத்துக்கொண்டிருந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கடலில் நல்ல வெயில். அலை அதிகமில்லை. கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் நானும் சரவணனும் திரைக்கு முன்னால். கேப்டன் எங்களுக்குப் பின்னால். வெளியே, பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு மேடையில், பாதுகாப்பு அதிகாரி. அவர் வேலை என்ன என்று சொல்கிறேன். பீரங்கிக் குழாய் எந்தத் திசையில் பார்க்கிறதோ அதே திசையில் பார்க்கும் ஒரு தொலைநோக்கி அவரிடம் இருக்கும். அதில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் இலக்குத் துணி தெரிய வேண்டும், விமானம் தெரியவே கூடாது. தெரிந்தால், சுடுவதற்காக அழுத்திப் பிடித்திருக்கும் கால் மிதியை விட்டுவிடுவார். பீரங்கி வாயடைத்துப்போகும். அவ்வளவுதான். அறை முழுக்க அடுக்கிவைத்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, ஒரு மனிதர், ஒரு கண், ஒரு கால்.

அந்த அதிகாரி என்னைவிட எத்தனையோ வயது சின்னவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல ஆசான்களில் ஒருவர் என்று நான் சொல்வது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் ஓடியே போய்விடுவார்.

விமானத்தை ஓட்டியவர் ஒரு பெண். வடநாட்டுக்காரர். ரேடியோவில் குரலை மட்டும்தான் கேட்டோம். வேலையின்போதும் கிண்டலை விடாத குரல்.

முதல் சுற்று நன்றாகப் போனது. திரையில் சின்னப் பச்சைச் சதுரம் துணியின்மேல் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தது. சுடவில்லை, தொடர்ந்து மட்டும் பார்த்தோம். இரண்டாவது சுற்றில் சுடுவது என்று முடிவு. விமானம் வேகத்தைக் கூட்டி வந்தது. கேப்டன் அனுமதி கொடுத்தார்.

அப்போது பச்சைச் சதுரம் நடுங்கியது.

பிறகு மெதுவாக, கம்பியின்மேல் எறும்பு ஊர்வது போல, அது முன்னோக்கி நகர ஆரம்பித்தது. துணியை விட்டு, கம்பி நெடுக, விமானத்தை நோக்கி. வெளியே பீரங்கிக் குழாய் லேசாகத் திரும்பும் சத்தம் கேட்டது. சின்ன உறுமல்.

"நிறுத்து! நிறுத்து! நிறுத்து!"

மேடையிலிருந்து அதிகாரியின் குரல். கால் மிதியை விட்டுவிட்டார். ஒரு குண்டும் போகவில்லை. சரவணன் திரையைப் பார்த்தபடியே, "தேடிட்டு இருந்துச்சு மேடம், அவ்வளவுதான். திரும்ப வந்திருக்கும்" என்றார். அவருக்கே அவர் சொல்வது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ரேடியோவில் விமானி கேட்டார்: "ஏன் சுடவில்லை? நான் தப்பான பாதையில் வந்துவிட்டேனா?"

யார் சொல்வது? கேப்டன் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன். அதற்குள் மேடையிலிருந்து அதிகாரியே பேசினார், மழுப்பாமல். "நீங்கள் சரியாகத்தான் வந்தீர்கள். பீரங்கி உங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டது."

மேலே விமானம் வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"ஓ," என்றது குரல். "நான் பார்க்க நன்றாக இருந்தேனா?"

அறையில் யாருமே சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது. "இன்னொரு சுற்று வரட்டுமா, வீட்டுக்குப் போகட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள். எரிபொருள் இருக்கிறது. பொறுமையும் இருக்கிறது."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். உங்கள் பாடப் புத்தகத்தில் இந்த இடம் வராது.

கேப்டன் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்திலிருந்து அவருக்கு அழுத்தம். கடலில் வணிகக் கப்பல்கள் காத்திருக்கின்றன. சோதிக்காத பீரங்கியோடு போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. சரவணன் சொன்ன யோசனையும் முட்டாள்தனமானது இல்லை. "விமானத்த வேகத்தக் குறைக்கச் சொல்லுவோம் சார். முதல் சுத்துல ஒழுங்கா இருந்துச்சில்ல? அந்த வேகத்துலயே வரட்டும். சுட்டுடலாம்." அது அநேகமாக வேலை செய்திருக்கும். பத்துப் பேரைக் கேட்டிருந்தால் பத்துப் பேரும் சரி என்றிருப்பார்கள். எனக்கும் நாக்கு நுனிவரை "சரி" வந்துவிட்டது.

அதற்குள் அதிகாரி மேடையை விட்டு இறங்கி அறைக்கு வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, தமிழில், என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மேடம், நான் இப்ப நிறுத்துனேன், சரிதான். ஆனா அடுத்த சுத்துல எனக்கு ஒரு தும்மல் வந்துட்டுன்னு வைங்க?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன். ஒரு உயிரு என் மூக்கை நம்பி மேல சுத்திக்கிட்டு இருக்கு. எனக்குச் சம்மதமில்ல. கேப்டன்கிட்ட நீங்க சொல்லுதீகளா, நான் சொல்லட்டுமா?"

கேப்டன் கேட்டார்: "பீரங்கி தயாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

"இல்லை" என்றேன். "இந்தத் துணியோடும் இல்லை, இந்தப் புரோகிராமோடும் இல்லை."

"என் கப்பல் கிளம்ப வேண்டிய நேரம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு மைக்கை எடுத்து விமானத்தை வீட்டுக்கு அனுப்பினார். கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும் வரை என்னிடம் யாரும் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த அதிகாரி மட்டும் வந்து, தன் டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார். சர்க்கரை இல்லாத டீ. இருந்தாலும் குடித்தேன்.

கரைக்கு வந்ததும் இரண்டு சண்டைகள் போட வேண்டியிருந்தது.

முதல் சண்டை சரவணனோடு. இலக்கு தொலைந்தால் பீரங்கி தேடக் கூடாது, அப்படியே நிற்க வேண்டும் என்றார் அதிகாரி. சரவணனுக்குக் கோபம். "சார், இது ட்ரோனுக்குச் செஞ்சது. நிஜச் சண்டைல நின்னா கப்பல் போயிரும். பயிற்சிக்கு வேணா ஒண்ணு, சண்டைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்."

"சண்டையில மட்டும் வானத்துல நம்ம ஆளுக யாரும் பறக்க மாட்டாகளா?" என்றார் அதிகாரி. "நம்ம ஹெலிகாப்டரு நம்ம கப்பலச் சுத்தித்தான பறக்கும். சண்டையில மட்டும் எனக்குத் தும்மல் வராதா?"

சரவணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இரண்டு பேரும் சொல்வது சரி. நின்றால் தாமதம், தேடினால் ஆபத்து. நான் யார் பக்கம் பேசினாலும் மற்றவருக்கு நியாயம் செய்ததாகாது என்று வாயை மூடிக்கொண்டேன். பல நேரங்களில் தலைமை என்பது அதுதான். நீங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தால் எனக்கு வருத்தமில்லை.

கோபத்தோடு போன சரவணன்தான் திரும்பி வந்து வழி சொன்னார். பீரங்கி தேடட்டும், ஆனால் தொலைந்த இடத்தைச் சுற்றிக் கையகலத்துக்குள் மட்டும். அதற்குள் கிடைக்கவில்லையென்றால் நின்றுவிட்டு மனிதரைக் கேட்கட்டும். "சாவி தொலைஞ்சா நம்ம ஊட்டுக்குள்ளதான் தேடணும் மேடம். பக்கத்து ஊட்டு பீரோவத் தொறக்கக் கூடாது" என்றார். அதிகாரி அவர் தோளைத் தட்டினார். சரவணன் அப்போதும் முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தார். நல்ல மூளைக்காரர்களுக்குத் தோற்கவும் பிடிக்காது, ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளவும் பிடிக்காது. உங்களில் இரண்டு பேரை இப்போதே எனக்கு அடையாளம் தெரிகிறது.

இரண்டாவது சண்டை திருப்பூரில். சுருட்டிக் கட்டிய துணியோடு சித்தப்பா கம்பெனியில் போய் இறங்கினேன்.

"சித்தப்பா, துணி காத்துல சுருண்டுகிச்சு. ரேடாருக்குத் தெரியல."

"என்ற தையல்ல குத்தமா?" முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "எத்தன வருசமா தெச்சுட்டு இருக்கறேன் நானு. இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல."

"குத்தம்னு சொல்லல. ஒட்டுக்கா பாக்கலாம் வாங்க."

சாயப்பட்டறையில் துணி உலர்த்தும் பெரிய காற்றாடியின் முன்னால் அதைக் கட்டினோம். காற்றைத் திறந்ததும் அழகாக நிமிர்ந்தது. சித்தப்பா என்னை வெற்றியோடு பார்த்தார். முழு வேகத்தில் வைக்கச் சொன்னேன். முதலில் அந்த ஒற்றைத் தையல் லேசாகச் சாய்ந்தது. பிறகு குழாய் மொத்தமும் மெல்லத் திரும்பியது. திரும்பித் திரும்பி, ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு, வாய் மூடிப்போனது.

சித்தப்பா காற்றை நிறுத்தச் சொல்லி, முறுக்கிய தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தானாகவே சிரிக்க ஆரம்பித்தார்.

"அட, துவைச்ச டி-ஷர்ட்டுல பக்கத் தையல் வயித்துக்கு வந்து நிக்கும் பாரு அம்மிணி, அதே சமாச்சாரம்டா சாமி! ஒரு பக்கம் மட்டும் நூலு இறுக்கிப் புடிக்குது. அது இழுத்துட்டுப் போயிருது."

"என்ன பண்ணலாம்?"

"ரண்டு பக்கமும் தைப்போம். எதிரெதிராப் புடிச்சுக்கட்டும். தையல சித்தெ தளத்தி உடுவோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ஏன் கண்ணு, இது சுருண்டதுனால அந்தப் பக்கம் என்னாச்சு? சும்மா தெரியாமப் போச்சு, அவ்வளவுதானே?"

அவரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அனுமதிக்கப்பட்ட அளவுக்குச் சொன்னேன். பீரங்கி விமானத்தின் பக்கம் திரும்பியது, உள்ளே ஒரு பெண் இருந்தாள், ஒருவர் நிறுத்தினார் என்பதை மட்டும். சித்தப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பனியன் தொழிலில் தப்பு நடந்தால் சரக்கு திரும்பி வரும், சரக்கு வாங்கும் பையர் திட்டுவான், அடுத்த ஆர்டர் போகும். இப்படி ஒன்று நடக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தையலை யாரிடமும் விடவில்லை. தானே மெஷினில் உட்கார்ந்தார். முதலாளி மெஷினில் உட்கார்ந்த அதிசயத்தைப் பார்க்கச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் சேர்ந்தது. யார் பேச்சுக் கொடுத்தாலும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தைத்ததை மறுபடி காற்றாடியில் கட்டி, அவரே முழு வேகத்தைத் திறந்து, அவரே முன்னால் நின்று பார்த்தார். குழாய் அசையாமல் நின்றது. அப்போதும் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று காற்றைத் திறந்துகொண்டே இருந்தார். சாயப்பட்டறைக்காரர் கடைசியில் கரண்டு பில்லைப் பற்றிக் கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

அடுத்த சோதனையில் விமானி முழு வேகத்தில் வந்தார். துணி நேராக நின்றது. பச்சைச் சதுரம் அதன்மேல் உட்கார்ந்து அசையவில்லை. நடுவில் வேண்டுமென்றே ரேடாரை ஒரு கணம் மறைத்துப் பார்த்தோம். பீரங்கி தொலைந்த இடத்திலேயே கொஞ்சம் தேடியது, கிடைக்கவில்லை, நின்றது. அறையில் இருந்தவர்கள் அதற்குத்தான் முதலில் கைதட்டினார்கள். சுட்டதற்கு இல்லை, நின்றதற்கு. பிறகு சுட்டோம். மேடையில் இருந்த அதிகாரி கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து இறங்கி வந்த பிறகு, சுவர்ப்பக்கமாகத் திரும்பி, நிம்மதியாக ஒரு தும்மல் போட்டார்.

ரேடியோவில் விமானியின் குரல்: "இந்தத் தடவை பீரங்கி என் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது."

கப்பல் கிளம்பியது. பல வணிகக் கப்பல்களுக்குத் துணை போய்த் திரும்பியது. அங்கே பீரங்கி என்ன செய்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அதைச் சொல்லாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தன் கன்டெய்னரை அந்தக் கப்பல்தான் கூட்டிப்போனது என்று சித்தப்பா இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். உண்மையில் அது ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போனது. நான் திருத்தப்போவதில்லை. நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது. அந்தத் துணியை இன்னும் கேட்டு அடுத்தடுத்து ஆர்டர் வந்ததால்தான், சித்தப்பா கம்பெனிக்குப் பின்னால் இந்த ஷெட்டும் வந்தது, ஓய்வு பெற்ற பிறகு நானும் வந்தேன்.

சுடப்பட்ட துணியைக் கடலிலிருந்து எடுத்து, ஆராய்ந்து முடித்து, வேலை முடிந்ததும் எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அனுமதியோடு அதைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தேன். சித்தப்பா அன்று கம்பெனியில் இல்லை. சுருட்டிக் கட்டியதைச் செக்கிங் டேபிளில் போடச் சொல்லிவிட்டு, நான் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், துணியைச் சரிபார்க்கும் பெண்கள் அதை மேஜை நீளத்துக்கு விரித்து, பழக்கதோஷத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். ஓட்டை கண்ட இடத்தில் எல்லாம் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கர். துணி முழுக்கச் சிவப்பு. பீகாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "மேடம், யே தோ பூரா ரிஜெக்ட் ஹை." முழுசும் கழிவாம்.

அந்த நேரத்தில் சித்தப்பா உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேஜையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கத் தையலையும் இழுத்துப் பார்த்தார். தையல் ஒன்றுகூட விடவில்லை. பெண்கள் கையில் ஸ்டிக்கரோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தப் பொண்ணு ஓட்டுன பிளேன்ல?" என்றார் என்னிடம். "அதுல ஒண்ணு கூட இல்லையே அம்மிணி?"

"ஒண்ணு கூட இல்லீங்க சித்தப்பா."

அவர் அந்த பீகார்ப் பெண்ணின் கையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பாஸ்" என்றார். "பேக் பண்ணுங்க."